சரித்திரக் காதல் நாவல்களில் எரிச்சலூட்டும் விஷயங்கள்: கேள்வி பதில்

கேள்வி: நாயகி வந்ததுமே கூந்தலில் ஆரம்பித்துச் சிலம்பு வரை இரண்டு பக்கம் வர்ணனை. தாண்டித் தாண்டித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. இதற்கு மாற்று உண்டா?

பதில்: வர்ணனையில் தப்பில்லை, கேசாதிபாதம் நம் மரபுதான். கதை அங்கே நின்றுவிடுவதுதான் கோளாறு. யார் கண்ணால் பார்க்கிறோம் என்று தீர்மானித்துவிட்டால் பாதி தானாகக் குறைந்துவிடும். அவசரமாக வந்து நிற்கும் தூதன் கண்ணில் இரண்டு விஷயம் பட்டாலே அதிகம். அதில் ஒன்று அவள் கையில் இருக்கும் வேலையாக இருக்கட்டும். ஓலையைச் சுருட்டி முத்திரை வைக்கிறாள். விரல் நடுங்குகிறதா, இல்லையா? கயல்விழி என்று எழுதுவதைவிட அது அவளை நன்றாகக் காட்டும்.

கேள்வி: முதல் அத்தியாயத்தில் நாலு பேரை வாளால் சாய்க்கிற இளவரசி, பத்தாவது அத்தியாயத்தில் பாழடைந்த மண்டபத்தில் கட்டுண்டு கிடக்கிறாளே!

பதில்: வீரத்தை அறிமுகத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். அவள் எடுத்த முடிவால் கதை எங்கேயாவது திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பவில்லை என்றால் வாள் வெறும் நகைதான். சோழர் காலம் என்றால் வாள்கூட வேண்டாம். செம்பியன் மாதேவி கணவர் கண்டராதித்தர் மறைந்த பிறகு பல பத்தாண்டுகள் கற்றளிகள், அதாவது கற்கோயில்கள், எழுப்பியிருக்கிறார். ராஜராஜனின் அக்கா குந்தவை தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த பொன்னும் படிமங்களும் கல்வெட்டில் இருக்கின்றன. பொன்னும் ஆளும் கையில் உள்ள பெண் கட்டுண்டு கிடந்தாலும், மீள்வதற்கான வழியை அவளே வெளியே ஏற்பாடு செய்திருக்க முடியும்.

கேள்வி: நாயகன் வலுக்கட்டாயமாக அணைக்கிறான், அவள் திமிறுகிறாள், அப்புறம் மயங்குகிறாள். கேட்டால் "அந்தக் காலம் அப்படி" என்கிறார்கள்.

பதில்: அந்தக் காலத்தின் மேல் பழியைப் போட முடியாது. தொல்காப்பியம் ஒத்த அன்பை ஐந்திணையில் வைக்கிறது. ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், "மிக்க காமத்து மிடல்" (காமம் மிகுந்து வலுக்கட்டாயம் செய்வது) போன்றவற்றைப் பெருந்திணை என்றும் தனியே ஒதுக்குகிறது. பலவந்தத்தைக் காதலாகக் காட்டுகிறவர் பழமையையும் மதிக்கவில்லை, வாசகியையும் மதிக்கவில்லை. இழுபறி வேண்டுமென்றால் தோழி இருக்கிறாள், அவளிடம் தலைவன் உதவி கேட்டு நிற்கும் குறை இரத்தல் இருக்கிறது, இரவில் சந்திக்கக் குறித்த இடமான இரவுக்குறி தவறிப்போவது இருக்கிறது. குறுந்தொகையைப் புரட்டினால் பத்து நாவலுக்குக் காட்சி கிடைக்கும்.

கேள்வி: ஆடல் மகள் என்றால் நாயகனுக்காக அம்பைத் தாங்கிச் சாக வேண்டுமா?

பதில்: இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. பெரிய கோயிலின் 1014ஆம் ஆண்டுக் கல்வெட்டு, பல ஊர்த் தளிகளிலிருந்து (கோயில்களிலிருந்து) கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடல் மகளிரை, பெயர் பெயராகச் சொல்கிறது. எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு என்பது வரை உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும். சொந்த ஊரை விட்டுப் புதுத் தெருவில் குடியேறியவள், பக்கத்து வீட்டில் யார் என்றுகூடத் தெரியாது. அவளுக்கென்று ஒரு முழுக் கதை இருக்கும்போது இளவரசியின் கல்யாணத்துக்கு வழிவிட ஏன் சாகடிக்க வேண்டும்?

கேள்வி: அரசியல் திருமணம் எப்போதும் காதலுக்கு எதிரியா?

பதில்: சோம்பேறித்தனமான எதிரி அது. ராஜராஜனின் மகள் குந்தவை (அத்தையின் பெயர்தான் இவளுக்கும்) ஆந்திரப் பகுதியில் வேங்கியை ஆண்ட விமலாதித்தனை மணந்தாள். அவர்கள் மகன் ராஜராஜ நரேந்திரன் ராஜேந்திரனின் மகள் அம்மங்கையை மணந்தான். அந்த வழியில் வந்த குலோத்துங்கன் 1070இல் சோழ அரியணையில் அமர்ந்தான். காவிரிக் கரையிலிருந்து கோதாவரிக் கரைக்குப் போன பெண், பேச்சு புரியாத அரண்மனையில் கணவனைச் சிறிது சிறிதாக அறிந்துகொள்வதை எழுதுங்கள். காதல் கல்யாணத்துக்குப் பிறகும் தொடங்கலாம்.

கேள்வி: ஒட்டுமீசை மாறுவேடம்?

பதில்: முகத்தை விடுங்கள், பேச்சும் நடையும்தான் காட்டிக்கொடுக்கும். காதலியே அடையாளம் காணவில்லை என்றால் காதலையே நம்ப முடியாது.

கேள்வி: ஒரு வார்த்தை பேசினால் தீரும் மனக்கசப்பு முந்நூறு பக்கம் ஓடுகிறதே?

பதில்: பேச முடியாத காரணம் வேண்டும். சொன்னால் அண்ணன் தலை போகும் என்ற நிலை இருந்தால் வாசகர் பொறுத்துக்கொள்வார். ரோஷம் மட்டும் என்றால் மூன்று அத்தியாயம் தாங்கும்.

கேள்வி: காலப் பிழைகளில் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

பதில்: சாப்பாடு, பூ, தூரம். மிளகாய், தக்காளி, முந்திரி, கொய்யா, துலுக்கச் சாமந்தி எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். 1498இல் போர்ச்சுக்கீசியர் இந்தியாவுக்கு வந்த பின்புதான் இங்கே பரவின. சோழ விருந்தில் காரத்துக்கு மிளகுதான். தூரம் இன்னும் மோசம்: காஞ்சியிலிருந்து தஞ்சைக்கு ஒரே இரவில், ஒரே குதிரையில் வந்துவிடுகிறார்கள். 250 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஒரு குதிரையை நாளுக்கு 50, 60 கிலோமீட்டருக்கு மேல் தொடர்ந்து விரட்டினால் நொண்டிவிடும். நடுவில் பாலாறு, பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம். ஐப்பசி மழையில் ஓடம் விடாமல் அக்கரையில் இரண்டு நாள் காத்திருக்க வையுங்கள். பிரிவுத்துயரை எழுத நல்ல இடம் அது.