இயல்பூக்கமும் தீர்மானமும்: கேள்வி பதில்

மலையக வாசகர்களின் கேள்விகளுக்கு, விலங்கு நடத்தையைக் கற்பித்து வரும் உயிரியல் ஆசிரியர் ஒருவர் அளித்த பதில்கள்.

பண்டாரவளை வாசகர்: காகத்தின் கூட்டில் வளரும் குயில், பெரிதானதும் குயிலாகவே கூவுகிறதே, யார் கற்றுக்கொடுத்தது?

யாரும் இல்லை. அக்கூவலின் அமைப்பு பரம்பரையாகவே வருகிறது. இப்படிக் கற்காமலே பிறவியில் வரும் நடத்தையைத்தான் இயல்பூக்கம் என்கிறோம். எனினும் எல்லாப் பறவைகளும் இப்படியல்ல. தந்தையின் பாட்டைக் கேட்டே பாடக் கற்கும் இனங்களும் உண்டு.

நுவரெலியா வாசகர்: இயல்பூக்கத்தால் நடக்கும் விலங்குக்குத் தான் செய்வது விளங்குமா?

விலங்கு நடத்தை ஆய்வாளர்களான லோரன்ஸும் டின்பெர்கனும் சாம்பல் வாத்திடம் கண்டு 1938 இல் வெளியிட்டதைச் சொல்கிறேன். கூட்டிலிருந்து உருண்டு விழுந்த முட்டையை, அது கழுத்தை நீட்டி, அலகின் அடிப்புறத்தால் மெல்ல உருட்டிக்கொண்டு வரும். பாதி வழியில் முட்டையை எடுத்துவிட்டாலும், இல்லாத முட்டையைக் கூடு வரை இழுத்து வந்த பின்பே ஓயும். நோக்கம் விளங்கியிருந்தால் இடையில் நிறுத்தியிருக்கும். ஆயினும் இதனை மடமை என்று நான் சொல்லமாட்டேன். காட்டில் முட்டையைப் பாதியில் எடுத்துச் செல்ல ஆய்வாளர் வருவதில்லை.

மஸ்கெலியா வாசகி: கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அம்மாவைக் குளவி கொட்டிவிட்டது, சேர். அவர் ஒன்றும் செய்யவில்லை. பிறகு ஏன்?

அம்மா நலம் பெற வேண்டும். தோட்டங்களில் குளவி என்று சொல்லப்படுபவற்றுள் பல, உயர்ந்த மரங்களிலும் பாறைகளிலும் கூடு கட்டும் பெருந்தேனீக்களே. பருந்து கூட்டைத் தாக்கினாலோ கிளை அசைந்தாலோ அவை கிளம்புகின்றன. குற்றவாளி யார் என்று அவை ஆராய்வதில்லை. ஒரு தேனீ கொட்டியதும் தோலில் தங்கும் கொடுக்கிலிருந்து எச்சரிக்கை மணம் பரவி, மற்றவற்றையும் அதே இடத்துக்கு அழைக்கிறது. அதனால்தான் கையால் அடித்து விரட்டாமல், முகத்தை மூடிக்கொண்டு மூடிய கட்டடம் ஒன்றுக்குள் விரைய வேண்டும். ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொட்டுகூட உயிராபத்தாகலாம். மூச்சுத் திணறினால் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லத் தாமதிக்கவே கூடாது.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தேனீக்குக் கொட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. ஆனால் கூடு இருப்பது தெரிந்தும் அந்த மலைக்கு ஆட்களை அனுப்புவது, யோசிக்கவும் மாற்றவும் நேரம் இருந்த மனிதரின் தீர்மானம். இயற்கையின் செயல் என்று சொல்லி அதைக் கடந்துபோக முடியாது.

ஹட்டன் வாசகர்: பாம்பைக் கண்டு அஞ்சுவது நமக்குப் பிறவியிலேயே வருவதா?

முழுவதும் அப்படியல்ல. ஆய்வுகூடத்தில் வளர்ந்த குரங்குகள் தொடக்கத்தில் பாம்புக்கு அஞ்சவில்லை; அஞ்சும் குரங்கு ஒன்றைப் பார்த்ததும் விரைவில் அஞ்சக் கற்றன. அதே அச்சத்தைப் பூவைக் கண்டு காட்டுவதுபோல் ஒளிப்பதிவை மாற்றிக் காட்டியபோதோ, அவை பூவுக்கு அஞ்சக் கற்கவில்லை. உளவியலாளர் சூசன் மினேக்கா 1980களில் நடத்திய இவ்வாய்வுகளை நான் பெரிதும் மதிக்கிறேன், ஏனெனில் எதை எளிதாகக் கற்போம் என்பதிலேயே பரம்பரையின் கை இருப்பதை அவை காட்டின. மனிதரிலும் இதையொத்த சாய்வு இருப்பதாகவே பலர் கருதுகின்றனர்.

பதுளை மாணவி: உயர்தரப் பிரிவைத் தெரிவு செய்யும்போது உணர்ச்சியை ஒதுக்கி யோசி என்கிறார் அப்பா. அது சரியா, சேர்?

அவசரப்படாதே என்ற பொருளில் அப்பா சொல்வது சரி. ஆனால் உணர்ச்சியை முற்றாக ஒதுக்கினால் தீர்மானமே பிறக்காமல் போகலாம். நரம்பியல் மருத்துவர் அந்தோனியோ டமாசியோவிடம் வந்த, மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்ட ஒருவருக்கு அறிவுத்திறன் குறையவில்லை. எனினும் அடுத்த சந்திப்புக்கு இரண்டு நாட்களில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னதும், அரை மணி நேரம் அளவுக்குச் சாதக பாதகங்களை அடுக்கிக்கொண்டே இருந்தார், முடிவுக்கு வரவில்லை. எந்தப் பாடத்தை எடுத்தால் நேரம் போவதே தெரியாமல் படிக்கிறீர்கள் என்பதையும், பெறுபேறுகளோடும் வேலைவாய்ப்போடும் ஒரே தாளில் எழுதி, அப்பாவிடம் காட்டுங்கள்.