உங்களுக்குப் பிடித்த வீடியோ கேம் நிஜ வாழ்க்கையில் எட்டிப் பார்த்ததுண்டா?

எட்டிப் பார்க்கவில்லை. ஹைபீம் போட்டுக்கொண்டு எதிரிலேயே வந்து நின்றது.

கேட்டவர் ஏதாவது சுடுகிற கேம் ஆடுபவராக இருப்பார், வீட்டில் திட்டு வாங்கியிருப்பார், அதனால்தான் கேட்கிறார் என்று நினைக்கிறேன். நான் ஆடுவது சாதுவான கேம். யூரோ டிரக் சிமுலேட்டர் 2. செக் நாட்டு நிறுவனம் ஒன்று 2012-இல் வெளியிட்டது. ஐரோப்பா முழுக்க லாரி ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். சரக்கு ஏற்று, ஒழுங்காகப் போ, இறக்கு, காசு வாங்கு. சிக்னலைத் தாண்டினால் அபராதம், ராத்திரியில் லைட் போடாவிட்டால் அபராதம். இதில் என்னடா சுகம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இதில் கூத்து என்னவென்றால், எங்கள் வீடு திருவொற்றியூரில். அப்பா 26 வருஷமாக டிரெய்லர் டிரைவர். துறைமுகத்திலிருந்து மணலி பக்கம் பொட்டி அடிக்கிறார். பொட்டி என்றால் கண்டெய்னர். பகலெல்லாம் லாரி ஓட்டிவிட்டு அப்பா வந்து படுப்பார், மகன் எழுந்து உட்கார்ந்து ராத்திரியெல்லாம் லாரி ஓட்டுவான். அம்மா இதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை. ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் ஸ்டீயரிங், பெடல் செட் வாங்கிய புதிது. விடிய விடிய ஜெர்மனிக்குள் சுற்றிக்கொண்டிருந்தேன். காலை நாலரைக்கு அம்மா வந்து, முழித்துக்கொண்டுதானே இருக்கிறாய், அக்கா வீட்டுக்காரர் வருகிறார், காசிமேடு போய் வஞ்சிரம் வாங்கி வா என்றார். ஸ்கூட்டரை எடுத்தேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு ஆச்சரியமாகக் காலியாக இருந்தது. தெற்கே போகிறவன் கடல் பக்கம் போக வேண்டும். நான் அலுங்காமல் ஊர்ப் பக்கம் ஏறிவிட்டேன். ஜெர்மனியில் வலது பக்கம்தானே! ஒரு துளி சந்தேகம் வரவில்லை. எதிரில் இரண்டு விளக்குகள் வந்தபோதுகூட, “இவன் ஏன் ராங் சைடில் வர்றான்” என்று நினைத்து நான்தான் டிப் அடித்தேன்.

ஏர் பிரேக் புஸ்ஸென்று இரைந்து, நாற்பதடி பொட்டியோடு வண்டி எனக்குப் பத்தடி முன்னால் நின்றது. ஜன்னலில் ஒரு தலை நீண்டது. “டேய்! ஊட்ல சொல்லிட்டு வந்தியா?” ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினேன். அவர் குரல் இறங்கிவிட்டது. “நம்ம அண்ணன் பையன்தானே நீ?”

நான் வஞ்சிரத்தோடு திரும்புவதற்குள் சேதி வீட்டுக்குப் போய்விட்டது.

இதைப் படித்துவிட்டு “கேம் ஆடினால் இப்படித்தான்” என்று கமெண்ட் போடக் கிளம்புகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அன்றைக்கு நான் தூங்கவே இல்லை, பாதிக் காரணம் அதுதான். தவிர, மூளை இப்படி வேலை செய்வது புதுசும் இல்லை. 2000-இல் ஹார்வர்டில் ராபர்ட் ஸ்டிக்கோல்ட் என்பவர் சிலரை, மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் கேமை ஆடவைத்துப் பார்த்தார். தூக்கம் வரும் நேரத்தில் கண்ணுக்குள் கட்டைகள் விழுந்துகொண்டே இருந்ததாகப் பலர் சொன்னார்கள். புதிய ஞாபகம் எதுவும் தங்காத நோயாளிகளும் அதில் இருந்தார்கள். கேம் ஆடியதே நினைவில்லாத அவர்களில் சிலருக்கும் கட்டைகள் விழுந்தன. அப்புறம், நான் ஒழுங்காக வேலைக்குப் போகிறவன், வீட்டு வாடகையில் பாதி நான்தான் கொடுக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, அப்பாவுக்கு வருவோம். அடி விழும் என்று நினைத்தேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு, “அதக் காட்டு” என்றார். டிரெய்லரை ரிவர்ஸில் போடும் வேலை ஒன்றைக் கொடுத்தேன். 26 வருஷ டிரைவர் மூன்று தடவை இடித்தார். “சீட்ல ஒண்ணுமே தெரிலடா. பின்னாடி பொட்டி எங்க கீதுன்னு முதுகு சொல்லணும்.” நாலாவது தடவை, பழக்கதோஷத்தில், வெளியே எட்டிப் பார்க்கத் தலையை வலது பக்கம் நீட்டினார். அந்த ஊர் லாரியில் டிரைவர் சீட் இடது பக்கம். எங்கள் வீட்டில் வலது பக்கம் பீரோ. சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்தார். எனக்குக் கேமிலிருந்து ரோட்டுக்கு வந்தது, அவருக்கு ரோட்டிலிருந்து கேமுக்குப் போனது.

ரொம்ப நேரம் ஓட்டினால் கேமில் கொட்டாவிச் சத்தம் கேட்கும், திரை இருண்டு இருண்டு வரும். ஓரங்கட்டித் தூங்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். “தூங்கலன்னா ஃபைனா?” என்று அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நிஜ ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வு கட்டாயம் என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டார். நம்மிடமும் 1961-லேயே சட்டம் வந்தது, மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். அதில் ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்று இருந்தது. துறைமுக வாசலான ஜீரோ கேட் வரிசையில் நிற்பது வேலையா ஓய்வா என்று யாராவது சொன்னால் தேவலை. சில நாள் அப்பா 10 மணி நேரம் நிற்கிறார், ஒன்றுக்குப் போக ஒரு இடம் கிடையாது. கேமில் கடிகாரம் 19 மடங்கு வேகமாக ஓடும், அந்தக் கணக்குக்கு அது அரை மணியில் முடிந்துவிடும். காரில் போகிறவர்கள் “டிரெய்லர்காரனுங்க ரோட்டை அடைச்சிட்டானுங்க” என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆசைப்பட்டா நிற்கிறார்கள்?

சொல்ல மறந்துவிட்டேன், அந்த ஸ்டீயரிங் செட்டை மாமா பையன் ஒரு வாரத்துக்கு என்று வாங்கிப் போய் நாலு மாசம் கழித்து பிரேக் பெடல் உடைந்த நிலையில் கொண்டுவந்தான். “வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு” என்றான். அவன் இந்தத் தளத்தில் இருக்கிறான், படிப்பான். படிக்கட்டும்.

பெடலைச் சரிசெய்ததும் லீவு நாளில் அப்பாவும் உட்கார ஆரம்பித்தார். வலது பக்கம் ஓட்டுவது அவருக்கு ஒத்துவரவில்லை. அதனால் பிரான்ஸ் பக்கம் கலேயில் கப்பல் ஏற்றி டோவரில் இறக்கிவிட்டேன். இங்கிலாந்தில் நம்மைப் போல இடது பக்கம். ஃபீலிக்ஸ்டோ துறைமுகத்துக்கு 22 டன் சரக்கோடு ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்தார். திரையில் வந்த கூலியை நான் ரூபாயில் மாற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பேட்டா தனியாத்தானே?”