ஊதா நிறத்தைப் பாட்டிலில் வாங்க முடியுமா? (நுகர்வோர் கேள்வி-பதில்)

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கும் வாசகர்களின் கடிதங்களில் பெரும்பாலானவை கோரலைன் பாசியைப் பற்றியே வருகின்றன. பாறையின் மேல் ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் ஓடு போலப் படியும் இந்தப் பாசியின் பெயரைச் சொல்லி விற்கப்படும் பொருள்கள் பெருகிவிட்டதால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (கோவை): "கோரலைன் ஊக்கி" என்று 250 மி.லி. பாட்டிலை 1,850 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். உலர்ந்த வெள்ளைப் பாறையோடு தொடங்கிய என் 100 லிட்டர் தொட்டியில் மூன்று மாதமாக ஊற்றுகிறேன். ஒரு புள்ளிகூட வரவில்லை. நண்பர் அளந்து பார்த்துக் கால்சியம் 350 என்றார். இன்னொரு பாட்டில் வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். கோரலைன் உயிருள்ள ஒரு சிவப்புப் பாசி. நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும், கூடவே சிறிது மெக்னீசியத்தையும் எடுத்துத் தன் செல் சுவர்களில் சுண்ணாம்பாகக் கட்டிக்கொண்டு அது வளர்கிறது. அதற்கு முதலில் விதை வேண்டும். உலர்ந்த பாறையில் விதை இல்லை. விதை இல்லாத நிலத்துக்கு உரம் போட்டுப் பயனில்லை. நல்ல நிலையில் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம், ஓட்டில் ஊதா படிந்த நத்தை ஒன்றையோ கண்ணாடியிலிருந்து சுரண்டிய துகள்களையோ கேட்டு வாங்கி, துகள்களை நீரோட்டத்தில் தூவிவிடுங்கள். இதற்குச் செலவு ஏதுமில்லை.

அடுத்தது கணக்கு. கால்சியம் 350-லிருந்து 420-க்கு உயர லிட்டருக்கு 70 மில்லிகிராம் வேண்டும். 100 லிட்டருக்கு 7 கிராம். கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்டின் எடையில் 27 சதவீதம் கால்சியம் என்பதால், 26 கிராம் உப்பு போதும். உணவுத் தரமுள்ளதாகப் பார்த்து வாங்கி, நல்ல நீரில் கரைத்து, மூன்று நான்கு நாள்களில் பிரித்து ஊற்றுங்கள். ஆல்கலினிட்டி (நீரில் கரைந்திருக்கும் கார்பனேட் வகைகளின் அளவு) குறைந்தால் சமையல் சோடாவைத் தனியாகக் கரைத்து, வேறு நேரத்தில் ஊற்றலாம். பேக்கிங் பவுடர் கூடாது. கால்சியம் 400 முதல் 450 வரை, மெக்னீசியம் 1,250 முதல் 1,350 வரை, ஆல்கலினிட்டி 8 முதல் 10 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு) வரை, பாஸ்பேட் 0.1-க்குக் கீழே என்று நிலையாக வைத்திருங்கள். மெக்னீசியம் குறைந்தால், ஊற்றுகிற கால்சியம் பாசிக்குப் போகாமல் ஹீட்டரின் மேலும் பம்பின் மேலும் வெள்ளையாகப் படிந்துவிடும். முதல் புள்ளிகள் கடுகளவில் தெரியவே சில மாதங்கள் ஆகும். அந்த 1,850 ரூபாயை முதலில் டெஸ்ட் கிட்டுக்குச் செலவிட்டிருக்க வேண்டும்.

கேள்வி (மதுரை): "ஓராண்டு கடல்நீரில் வளர்த்துக் கோரலைன் படிந்த செயற்கைப் பாறை" என்று கிலோ 900 ரூபாய்க்கு ஏழு கிலோ வாங்கினேன். இரண்டே வாரத்தில் ஊதா நிறம் செதிலாக உரிகிறது. பில் கேட்டதற்குத் தரவில்லை; பணத்தை யு.பி.ஐ. மூலம் அனுப்பினேன். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று சுவரில் எழுதியிருப்பதைக் காட்டுகிறார்கள்.

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள்; உங்கள் மேல் தவறில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படி ஐந்து கிலோ வாங்கினேன். வீட்டில் கல்லைத் திருப்பிப் பார்த்தபோதுதான், வெளிச்சமே படாத குழியின் அடிவரை ஒரே சீரான ஊதா இருந்ததைக் கண்டேன். உண்மையான கோரலைன் அப்படி இருக்காது. வட்ட வட்டத் திட்டுகளாக, ஓரிடத்தில் அடர் ஊதா, ஓரிடத்தில் இளஞ்சிவப்பு என்று மாறி மாறி, வளரும் விளிம்பில் மெல்லிய வெளிர்கோட்டோடு இருக்கும். நகத்தால் கீறினால் செதிலாக உரியாது. சுண்ணாம்பைச் சுரண்டுவது போல நறநறக்கும். நிறம் பூசிய கல்லை நிறம் பூசியது என்று சொல்லி விற்பதில் குற்றமில்லை. வளர்த்தது என்று சொல்லி விற்றதுதான் மோசடி.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் நியாயமற்ற வணிக முறைகள். பில்லில் கெடு எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாள்களுக்குள் பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர வேண்டும். சுவரில் எழுதிய வாசகம் சட்டத்தை மீற முடியாது. உரிந்த செதிலைக் கல்லோடு சேர்த்துப் படம் எடுங்கள். யு.பி.ஐ. பதிவையும் கடையோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள். முதலில் பணத்தைத் திரும்பக் கேட்டு எழுத்து மூலம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ஏழு கிலோ கல்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (இராமநாதபுரம்): ஊதா படிந்த பவளக்கல்லைக் கடலிலிருந்து எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். விலை மிகக் குறைவு. வாங்கலாமா?

பதில்: கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாறை கட்டும் பவளங்கள் 2001-லேயே சேர்க்கப்பட்டுவிட்டன. இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்தே சிறைக்குப் போகலாம். அது ஒருபுறம் இருக்கட்டும்; வாங்க ஆள் இருப்பதால்தான் அந்தக் கல்லை உடைக்கிறார்கள்.

கேள்வி (சென்னை): லைட்டை மாற்றிய பத்தே நாளில் மணல் முழுவதும் செந்நிறக் கோரலைன் வந்துவிட்டது. விரல் பட்டால் பட்டுத்துணி போலப் பெயர்கிறது. இதை எப்படிப் பாதுகாப்பது?

பதில்: அது கோரலைன் அன்று, சயனோ பாக்டீரியா. உறிஞ்சி வெளியே கொட்டுங்கள்.

கேள்வி (சேலம்): கடல்நீர் உப்பைக் கடையில் முன்கூட்டியே இரண்டு கிலோ கவர்களாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், வாளியாக வாங்குவதைவிட மலிவு. ஆனால் ஒவ்வொரு கவருக்கும் கால்சியம் அளவு மாறுகிறது. வந்திருந்த கோரலைனும் ஓரத்தில் வெளுக்கிறது.

பதில்: இந்தக் கவர்களைப் பற்றி எழுதாமல் என்னால் இருக்க முடியாது. கலவை உப்பு ஈரத்தை இழுக்கும். திறந்த வாளியில் ஈரம் பட்டால் கால்சியமும் கார்பனேட்டும் அங்கேயே ஒன்றோடொன்று சேர்ந்து, நீரில் கரையாத பொடியாகிவிடும். போதாததற்கு, பெரிய வாளி ஆட ஆட, பெருந்துகள் மேலேயும் நுண்துகள் கீழேயும் பிரிந்துவிடும். மேலிருந்து அள்ளிய கவரும் அடியிலிருந்து அள்ளிய கவரும் ஒன்றாக இராது. உங்கள் பாசி வெளுப்பதற்கு இந்த ஏற்ற இறக்கமே போதும்.

அந்தக் கவரைக் கையில் எடுத்துப் பாருங்கள். தயாரித்தவர் பெயர் இல்லை, இறக்குமதி செய்தவர் முகவரி இல்லை, மாதம் இல்லை, ஆண்டு இல்லை, அதிகபட்ச விலை இல்லை. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள், இவை அனைத்தையும் நிகர எடையோடும் புகார் செய்வதற்கான விவரத்தோடும் பொட்டலத்தின் மேல் அச்சிடச் சொல்கின்றன. எந்தக் கடையில் கேட்டாலும், "மீனுக்குத்தானே, சார்" என்கிறார்கள். மீனுக்கு வாங்கினாலும் பணம் நம்முடையது. தொட்டியில் இருப்பது உயிர்.

நான் ஒருமுறை கால்சியம் டெஸ்ட் கிட் வாங்கினேன். காலாவதித் தேதியின் மேலேயே கடையின் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. அதை உரித்துப் பார்க்காமல், அந்தக் கிட் காட்டிய 440-ஐ நம்பி நான்கு மாதங்கள் எதுவும் சேர்க்கவில்லை. பின்புறக் கண்ணாடியில் உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்திருந்த பாசி சாம்பல் பூத்து வெளுத்த பிறகு வேறொரு கிட்டில் அளந்தேன். 340 என்று காட்டியது. கேட்கப் போனால், "பழைய ஸ்டாக்" என்று மட்டும் சொன்னார்கள். அன்றிலிருந்து லேபிளை முழுதும் படிக்காமல் நான் எதையும் வாங்குவதில்லை. நீங்களும் மூடி முத்திரை உடையாத வாளியை வாங்கி, கலக்கும் முன் உருட்டிவிட்டு, காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். கவர்களுக்கு எதிராக மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுங்கள். எடையளவு ஆய்வு தமிழ்நாட்டில் அவர்கள் பொறுப்பில் இருக்கிறது.

கேள்வி (திருச்சி): சமையலறை ஆர்.ஓ. நீரையே ஊற்றுகிறேன். பாறை மேல் பச்சையும் பழுப்புமாகப் பாசி, ஊதா வரவில்லை.

பதில்: வீட்டு ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில், சுவைக்காகக் குழாய் நீரைச் சிறிது கலந்துவிடும் டி.டி.எஸ். கன்ட்ரோலர் உண்டு. குடிக்க அது நல்லது, தொட்டிக்கு ஆகாது. நீரில் வரும் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் மற்ற பாசிகளுக்குத் தீனி. தவிர, பாஸ்பேட் மிகுந்தால் கோரலைன் சுண்ணாம்பு கட்டுவதே தடைபடும். ஆர்.ஓ.வுக்குப் பின் மிச்சமிருக்கும் உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குடுவை ஒன்றை இணைத்து, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும் நீரை மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி (பெங்களூரு): பச்சைப் பாசியைத் தின்னட்டும் என்று கடல் முள்ளெலி வாங்கி விட்டேன். இப்போது ஊதாப் பாறையெங்கும் வெள்ளைத் தடங்கள். கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். அவர் மேல் புகார் தரலாமா?

பதில்: தர முடியாது. முள்ளெலி கோரலைனையும் சேர்த்துச் சுரண்டித் தின்னும் என்பதை வாங்கும் முன் ஐந்து நிமிடம் செலவிட்டிருந்தால் தெரிந்துகொண்டிருக்கலாம். பொருளில் குறையில்லை, விற்றவர் பொய் சொன்னதாகவும் நீங்கள் எழுதவில்லை. இடவசதியுள்ள பெரிய தொட்டிக்காரர் எவருக்காவது அதைக் கொடுத்துவிட்டு, ட்ரோகஸ் நத்தைகளை விடுங்கள்.

கேள்வி (புதுச்சேரி): கோரலைன் நன்றாக வந்துவிட்டது. பம்பின் இறக்கையிலும் படிந்து, பம்ப் நின்றுவிட்டது. புதிது வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: வாங்காதீர்கள். மின் இணைப்பைத் துண்டித்துப் பம்பைக் கழற்றி, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்த வாளியில் சில மணி நேரம் ஊறவையுங்கள். குமிழி விட்டுச் சுண்ணாம்பு கரையும். மிச்சத்தைப் பழைய பல் துலக்கியால் தேய்த்து, நன்றாக அலசிவிட்டு மாட்டுங்கள். பாசி இவ்வளவு படர்ந்துவிட்டதால் தொட்டியின் கால்சியம், ஆல்கலினிட்டிச் செலவும் ஏறியிருக்கும். இந்த வாரமே இரண்டையும் அளந்து பாருங்கள்.