சூப்பர்ஹீரோ அணிக் காமிக்ஸில் ஒரே ஒரு இதழ்தான் படிக்க முடியும் என்றால் எதைப் படிக்கலாம்? அதில் அப்படி என்ன இருக்கிறது?

என்னைக் கேட்டால், நால்வர் அணி ஒன்றின் கதையான 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' தொடரின் 51ஆம் இதழ். அட்டையில் 1966 ஜூன் என்று இருக்கும், விலை 12 சென்ட். வசனம் ஸ்டான் லீ, பென்சில் ஓவியம் ஜாக் கிர்பி, அதற்கு மேல் மை தீட்டியவர் ஜோ சின்னாட்.

"அதற்கு முந்தைய மூன்று இதழ்கள்தானே பேர்போனவை?" என்று உடனே யாராவது கேட்பார்கள். உண்மைதான். 48 முதல் 50 வரை, கோள்களை விழுங்கிப் பசியாறும் கேலக்டஸ் பூமிக்கு வருகிறான், அவனுடைய தூதன் சில்வர் சர்ஃபர் அறிமுகமாகிறான். சரி, உலகமே அழியப் பார்த்த கதைக்கு அடுத்த மாதம் எதைச் சொல்வது? அதைவிடப் பெரிய அரக்கனைக் கொண்டுவர வேண்டியதுதான் என்று நாம் நினைப்போம். இவர்கள் முதல் பக்கம் முழுவதையும் மழையில் நனைந்தபடி நிற்கும் ஒரே ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அவன் பென் கிரிம். காஸ்மிக் கதிர் பட்டு உடம்பெல்லாம் ஆரஞ்சு நிறப் பாறையாகிப் போனவன். அணியின் மற்ற மூவரும் நினைத்தால் சாதாரண மனிதர்களாகத் தெருவில் நடக்கலாம். இவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அந்தப் படத்தில் வசனத்தை மறைத்துவிட்டுப் பாருங்கள், ஒன்றும் குறையாது. மேலெல்லாம் வழியும் தண்ணீரே போதும்.

அப்புறம் வருகிறான் ஒரு விஞ்ஞானி. அணித் தலைவன் ரீட் ரிச்சர்ட்ஸின் புகழைப் பார்த்து வயிறெரிகிறவன். பென்னுக்குக் காபியில் மருந்து கலந்து கொடுத்து, அவன் உருவத்தையும் பலத்தையும் தனக்கு மாற்றிக்கொள்கிறான். பென் பழையபடி மனிதனாகிவிடுகிறான். "நான்தான் பென்" என்று ஓடிவந்து சொன்னாலும் நண்பர்கள் நம்புவதாக இல்லை.

இதழின் உயிரே இனிமேல்தான். கேலக்டஸைப் போல இன்னொருவன் வந்தால் பூமியைக் காக்க வழி தேடி, ரீட் ஒரு வேற்றுவெளிக்குள் இறங்குகிறான் (பின்னாளில் 'நெகட்டிவ் ஸோன்' என்று பெயர் பெற்றது இதுதான்). திரும்பி வர ஒரே துணை, இடுப்பில் கட்டிய கயிறு. அதன் மறுமுனையை, பென் என்று நம்பிக் கொடுப்பது தன்னை ஒழிக்க வந்தவனிடம். வில்லன் சண்டை போட வேண்டாம், குண்டு வைக்க வேண்டாம், கையைக் கட்டிக்கொண்டு நின்றாலே எதிரி தொலைந்தான். ஆனால் ரீட் புகழுக்காக உயிரைப் பணயம் வைக்கவில்லை என்பது பக்கத்திலிருந்து பார்க்கும்போது அவனுக்குப் புரிந்துபோகிறது. இதுவரை யாரும் தன்னை இப்படி நம்பியதில்லை என்பதும்தான். கடைசியில் ரீட்டை வெளியே வீசிவிட்டுத் தான் உள்ளேயே மடிகிறான். அணி என்றால் என்ன என்று எத்தனையோ கதைகள் வாய்கிழியப் பேசியிருக்கின்றன. இங்கே அதைக் காட்டுவது ஒரு கயிறு, அதுவும் அணியில் இல்லாதவன் கையில்.

அந்த வேற்றுவெளியைக் கிர்பி புகைப்படங்களை வெட்டி ஒட்டிக் காட்டியிருக்கிறார். அந்தக் காலத்து மலிவுத் தாளில் அச்சு மங்கல்தான், எனக்கு அந்த மங்கலும் பிடிக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. அணியின் இளையவன் ஜானியின் கல்லூரிக் காட்சிகளை இன்றும் வேகமாகப் புரட்டிவிடுவேன். அணியில் நான்காமவள், ரீட்டின் மனைவி சூவுக்குப் பதறுவதையும் அழுவதையும் தவிர வேலை இல்லை. 1960களின் காமிக்ஸில் பெண்களுக்கு இதே கதிதான்.

ஆனால் அலிசியா வீட்டு வாசல் காட்சி எல்லாவற்றையும் ஈடுகட்டிவிடுகிறது. அலிசியா கண் தெரியாத சிற்பி, பென்னின் காதலி. மனித உருவோடு அவளைப் பார்க்க ஆசை ஆசையாக வருகிறான் பென். அங்கே விஞ்ஞானி இறந்த கணத்தில் இங்கே இவன் உடம்பு மறுபடி பாறையாகிறது. அவளைப் பார்க்காமலே திரும்பி நடக்கிறான். அவளுக்கோ அவன் முகம் ஒரு பொருட்டே இல்லை! அது தெரிந்தும் அவனால் உள்ளே போக முடியவில்லை. இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு "டேய், போய்த் தொலையேன்டா உள்ளே" என்றுதான் கத்தத் தோன்றும்.

முன்கதை எதுவும் தெரியாமலே படிக்கலாம், மொத்தம் 20 பக்கம்தான். பிடித்திருந்தால் அப்புறமாக 48க்குப் போங்கள்.