அளப்பதற்கும் அளவு வேண்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள பவுண்டரி வாட்டர்ஸ் காட்டு ஏரிகளில், கேனூ என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகில் மீன் பிடிப்பதாக ஒரு நகைச்சுவைக் கதை எழுதினேன். நான் அங்கே போனதில்லை. பைக் என்னும் நன்னீர் வேட்டை மீன் ஒன்று, யானை அளவுள்ளது, கேனூவை மூன்று ஏரிகள் தாண்டி இழுத்துச் செல்கிறது. வழியில் ஒரு கரடியை விழுங்குகிறது. நண்பர்கள் மோட்டாரை முடுக்கித் தப்புகிறார்கள். படித்தவர் எவரும் சிரிக்கவில்லை. புளுகைக் குறைக்க வேண்டுமா? இத்தகைய கதைகளைக் குழந்தைகளுக்குச் சொல்வது தவறா?

வி.

அன்புள்ள வி.,

குழந்தைகளுக்குத் தாராளமாகச் சொல்லுங்கள். கதை எது, பொய் எது என்பதை அவர்கள் நம்மைவிட விரைவாகக் கண்டுகொள்வார்கள்.

கதை ‘விடுவது’ வேறு, கதை ‘அளப்பது’ வேறு என்று சில நாட்களாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் அதே ஏரிகளில் ஒரு வாரம் துடுப்புப் போட்டேன். ஓரிரவு தீயைச் சுற்றி அமர்ந்திருந்தபோது, உடன் வந்த முதியவர் தம் தூண்டிலில் சிக்கிய பைக் மீனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். முதலில் படகைச் சொன்னார்: 17 அடி நீளம், கெவ்லார் என்னும் இலேசான, உறுதியான இழையால் செய்தது, எடை 40 பவுண்டுக்குச் சற்று மேல். பிறகு, பைக்கின் பற்கள் தூண்டில் நரம்பை அறுத்துவிடும் என்பதால் கொக்கிக்கு மேலே எஃகுக் கம்பி கட்டியதைச் சொன்னார். மீன் படகை மெல்ல இழுத்தது என்றார். மிதக்கும் கேனூவுக்குத் தண்ணீரில் தடை மிகக் குறைவு, பெரிய மீன் அதை உண்மையிலேயே இழுக்கும் என்பதால் அதையும் நம்பினோம். மறுகரையில், படகைத் தோளில் சுமந்து அடுத்த ஏரிக்குப் போகும் பாதையின் வாயிலிலேயே மீன் அவரைக் கொண்டுபோய் விட்டதாம். பாதையின் நீளம் 40 ராட். ஒரு ராட் என்பது பதினாறரை அடி, ஏறத்தாழ ஒரு கேனூவின் நீளம். நரம்பை அறுத்துவிட்டு, படகைச் சுமந்து நடந்து, அடுத்த ஏரியில் இறக்கினால் அதே மீன் அங்கே காத்திருந்தது. “அது எப்படி முன்னால் வந்தது?” என்று யாரோ கேட்டார்கள். “அதற்குத் தூக்கி வரப் படகு இல்லையே” என்றார்.

அத்தனை உண்மைகளை அடுக்கி, அவற்றின்மேல் ஒரே ஒரு புளுகை வைத்தார். நீங்களோ உண்மையாக இருக்க வேண்டியதையும் பொய்யாக எழுதிவிட்டீர்கள். யானையைக்கூட மன்னித்துவிடுவேன், அந்த மோட்டாரை மன்னிக்கவே மாட்டேன். அங்கே பெரும்பாலான ஏரிகளில் மோட்டாரைத் தடுக்கும் சட்டம் 1978இலேயே வந்துவிட்டது. துடுப்பு ஒன்றே கதி என்பதால்தான் மீனின் கையில் மனிதன் மாட்டிக்கொள்ள முடிகிறது. மோட்டாரைக் கொண்டுவந்து உங்கள் கதையின் உயிரை நீங்களே எடுத்துவிட்டீர்கள். பார்க்காத இடத்தைப் பற்றி எழுதுவது குற்றமில்லை. விசாரிக்காமல் எழுதியது சோம்பல். பைக் மீனுக்கான உலகச் சாதனை, 1986இல் ஜெர்மனியில் பிடிபட்ட 55 பவுண்டு 1 அவுன்ஸ். உங்கள் மீன் 55 பவுண்டு 2 அவுன்ஸ் என்று எழுதியிருந்தால், தூண்டில் பிடித்த ஒவ்வொருவரும் சிரித்திருப்பார்.

உண்மையான பொய் வேறொன்று. செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் 1957இல் பிடித்ததாகச் சொல்லப்பட்ட 69 பவுண்டு 15 அவுன்ஸ் மஸ்கி மீன் (பைக்கின் பெரிய உறவினம்) பல்லாண்டுகள் சாதனைப் பட்டியலில் இருந்தது. புகைப்படங்களை ஆராய்ந்தபின் 1992இல் நீக்கினார்கள். பட்டியலை நம்பியவர்கள் ஏமாற்றப்பட்டார்கள். தீயருகே இருந்த எங்களை யாரும் ஏமாற்றவில்லை.

உங்களுக்குக் கற்பனை இருக்கிறது. கரடி வாயருகே வரும் வரியில் அது தெரிகிறது. ஆனாலும் கரடியை எடுத்துவிடுங்கள். எதிர்க்காற்றில் இருவர் துடுப்புப் போடுவதை ஒரு பக்கம் எழுதுங்கள். மீன் எத்தனை பவுண்டு, எத்தனை அவுன்ஸ் என்று முடிவுசெய்தபின் எனக்கு அனுப்புங்கள்.