துணிப்பையும் சதுப்புநிலமும்

அன்புள்ள அக்கா,

நான் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஆறாவது மாடியில் இருக்கிறேன். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஏழெட்டு வருடமாகச் சந்தைக்குத் துணிப்பைதான் கொண்டுபோகிறேன். ஏசியை இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போடுவதில்லை. அதனால் வீட்டில் சண்டையும் வரும்.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது எங்கள் கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வாசலில் காவலுக்கு இருக்கும் ஐயாவின் வீடு, பதுளைப் பக்கத்தில், மண்ணுக்குள் போய்விட்டது. விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த அண்ணா, "நீ பை கொண்டு போறதால உலகம் மாறப் போகுதா? இலங்கை விடுற புகை எவ்வளவு?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பத்து வயது மகள், "எங்கட வீடு கடலுக்குள்ள போயிடுமா அம்மா?" என்கிறாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை. நாங்கள் செய்வதெல்லாம் மனதை ஆற்றிக்கொள்ளத்தானா?

ச.
கொழும்பு 06

*

அன்புள்ள ச.,

உங்கள் அண்ணாவின் கணக்கு சரி. அதை முதலில் ஒத்துக்கொள்வோம். இலங்கையில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு தொன் காபனீரொட்சைட்டு வருகிறது. உலகச் சராசரி ஐந்து தொன்னுக்குச் சற்றுக் குறைவு. கனடாவில் 14 தொன் அளவில் நிற்கிறது. அவர் ரொறன்ரோவிலிருந்து வந்து திரும்பிய பயணம் மட்டுமே இரண்டு தொன்னுக்குக் குறையாது. அவரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவரைப் போன்றவர்கள் ஏன் போனார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். பெற்றவர்களையும் கூடப்பிறந்தவர்களையும் பார்க்க வருவதைத் தொன் கணக்கில் நிறுக்க எனக்கு மனம் வராது. ஆனால் நீங்கள் ஏசியை நிறுத்தி மிச்சம் பிடிப்பது அந்தத் தராசின் முள்ளை அசைக்காது என்பது உண்மை.

அதனால் அந்தத் தராசைக் கீழே வையுங்கள். உங்களுக்கு அது பொருத்தமான கருவி அல்ல. 2022இன் பொருளாதார நெருக்கடியை நினைத்துப் பாருங்கள். பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. கொழும்பில் வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிள் வாங்கினார்கள், பிள்ளைகள் மெழுகுதிரியில் படித்தார்கள். வேண்டாமலே எல்லாருமாகப் புகையைக் குறைத்தோம். அதை ஒரு தீர்வு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குறைத்துக்கொள்வதுதான் காலநிலைக்குச் செய்யும் கடமை என்றால், எரிபொருள் வரிசையில் நின்று செத்தவர்கள்தான் அதை அதிகம் செய்தவர்கள் என்றாகிவிடும். எனக்கு அந்த நியாயம் ஏற்புடையதாக இல்லை.

துணிப்பையை விட வேண்டாம். வாய்க்காலை அடைக்கும் பொலித்தீனில் ஒன்றாவது குறையும். அதற்கு அந்தக் காரணமே போதும். நான் சொல்ல வருவது வேறு.

காலநிலை நெருக்கடி கொழும்புக்கு என்ன உருவத்தில் வருகிறது? தண்ணீராக வருகிறது. காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறக்குறைய 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். பள்ளிக்கூடத்தில் நீங்களே இதைச் சொல்லிக்கொடுப்பீர்கள். ஒரு மாதம் பெய்ய வேண்டிய மழை இரண்டு நாளில் கொட்டுவது அதனால்தான் கூடிக்கொண்டு வருகிறது. சரி, கொட்டிய மழை எங்கே போகும்? மலையில் பெய்தது களனி கங்கையில் இறங்கி, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல தாண்டி, கொழும்பில் ஆற்று மட்டத்தை அளக்கும் நாகலகம் வீதி நீரளவியில் அடிக்கணக்கில் ஏறி வரும். நகரத்துக்குள் பெய்தது சதுப்புநிலங்களில் தங்கி, கிருலப்பனைக் கால்வாய் வழியாக மெல்ல மெல்ல வெள்ளவத்தைக்கும் தெஹிவளைக்கும் வந்து கடலில் விழும். உங்கள் வீட்டுப் பக்கத்தில், ரயில் பாலத்துக்குக் கீழே, அது விழும் வாய் இருக்கிறது. அந்த இடத்தை எத்தனை தடவை கடந்திருப்பீர்கள்! மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்போம்.

இந்த ஒழுங்கில் முக்கியமான வேலையைச் செய்வது சதுப்புநிலம். கொலன்னாவை, தலங்கம, பெத்தகான, பெல்லன்வில-அத்திடிய ஆகிய இடங்களில் மிஞ்சியிருக்கும் சேற்று நிலங்கள் மழை நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. கால்வாய் ஒரே நேரத்தில் அவ்வளவையும் கொண்டுபோகாது. 2010 நவம்பர் மழையில் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் நின்றது. அதற்குப் பிறகுதான் உலக வங்கிக் கடனோடு கால்வாய்களையும் சதுப்புநிலங்களையும் பெரிய அளவில் சீர்செய்யத் தொடங்கினார்கள். 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. உலகிலேயே அந்த முதல் தொகுதியில் இடம்பெற்ற நகரங்கள் 18தான். நான் கேட்டுப் பார்த்த அளவில் வெள்ளவத்தைத் தமிழரில் பத்துப் பேருக்கு ஒருவருக்குக்கூட இது தெரியாது.

ஏன் தெரியாது? உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான்.

நாங்கள் இந்த நகரத்தில் தற்காலிகமாக இருக்கிறோம். முப்பது வருடம் இருந்தாலும் அப்படித்தான். "ஊர் எது?" என்று கேட்டால் மானிப்பாய் என்போம், கரவெட்டி என்போம், மட்டக்களப்பு என்போம். வெள்ளவத்தை என்று சொல்ல மாட்டோம். அதற்குக் காரணம் உண்டு. 1983 கலவரத்தைப் பார்த்தவர்கள் இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். பொலிஸ் பதிவுத் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துத் திரிந்த வருடங்கள் இருக்கின்றன. 2007 ஜூன் 7 அதிகாலையில் லொட்ஜுகளில் இருந்த 300க்கும் மேற்பட்ட தமிழரைப் பஸ்ஸில் ஏற்றி நகரத்தைவிட்டு அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் அடுத்த நாளே அதைத் தடுத்தது. ஆனால் அந்தப் பயம் இறங்கவில்லை. இப்படி வாழ்ந்தவர்கள், பக்கத்துச் சேற்று நிலத்தில் யார் மண் கொட்டுகிறார்கள் என்று கேட்கப் போவார்களா? வாடகையைக் கொடுத்து, விசாவுக்குக் காத்திருந்து, சத்தமில்லாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று பழகிவிட்டோம். நாங்கள் தனியாளாக மட்டும் யோசிப்பதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். பை, ஏசி, குப்பைக்கூடை எல்லாம் கதவுக்கு உள்ளே இருக்கின்றன. கதவுக்கு வெளியே இருப்பது எங்களுடையது என்று சொல்லத் துணிவு வரவில்லை.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்தில் ஒரு சேற்று நிலத்தில் இரவில் டிப்பர் வந்து மண் கொட்டத் தொடங்கியது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தமிழில் விண்ணப்பம் எழுதி ஓர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மூன்று மாதமாகப் பதில் இல்லை. நேரில் போனபோது, தமிழ் வாசிக்க ஆள் இல்லை என்றார்கள். அழுகை வந்தது. அன்று பின்னேரம் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவிடம் சொன்னேன். அவர் அதே கடிதத்தைச் சிங்களத்தில் எழுதினார். ஒழுங்கையில் பதினொரு வீட்டார் கையெழுத்து வைத்தார்கள். இரண்டு கிழமையில் ஆள் வந்து பார்த்தது, டிப்பர் நின்றது. நிரப்பிய துண்டு போனது போனதுதான். மிச்சம் இன்றும் இருக்கிறது, மழைக்கு நிரம்பி நிற்கிறது. அந்த ஒழுங்கையில் பதினைந்து வருடம் இருந்தும் மற்ற வீட்டாரின் பெயர்கள் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தன.

நீங்கள் ஆறாவது மாடியில் நனைய மாட்டீர்கள். நனைகிறவர்கள் வெல்லம்பிட்டியிலும் கொலன்னாவையிலும் கங்கைக் கரையில் இருப்பவர்கள். 2016 மே மாதம் அவர்கள் கூரைமட்டத் தண்ணீரில் நின்றார்கள். டித்வாவில் மறுபடியும் அப்படி. அதே மழையில் மலையகத்தில் மண் சரிந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எச்சரிக்கைகள் தமிழில் நேரத்துக்கு வரவில்லை என்ற குறை அப்போது பரவலாக எழுந்தது. இரண்டு மொழியும் தெரிந்த ஓர் ஆசிரியை, ஆற்று மட்டம் ஏறுகிற இரவில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அறிவித்தலைத் தமிழில் எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பினால், அது ஆயிரம் துணிப்பைக்குச் சமம். அதைச் செய்ய அடுத்த புயல் வரை காத்திருக்கவும் தேவையில்லை. யார் எழுதுவது, யாருக்கு அனுப்புவது என்று இப்போதே ஒழுங்கு செய்து வைக்கலாம்.

காவலுக்கு இருக்கும் ஐயாவுக்கு உங்கள் கட்டடத்தார் அரிசியும் உடுப்பும் பணமும் சேர்த்துக் கொடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். அதற்குப் பிறகு அவருக்குத் தேவை சரியாத நிலம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்சரிவில் புதைந்தபோது, அங்கே ஆபத்து இருக்கிறது என்ற எச்சரிக்கை அதற்கு முன்பே இருந்தது. போக வேறு நிலம் இருக்கவில்லை. மலையகத் தமிழருக்குக் காணியும் வீடும் வேண்டும் என்பதும் காலநிலைக் கோரிக்கைதான். கொழும்பில் படித்த நாங்கள் அதை அவர்களுடைய தனிப் பிரச்சினையாகவே விட்டுவைத்திருப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சனம் சேர்ந்தால் புகையும் குறையும். திருகோணமலையில் சம்பூரைப் பாருங்கள். 2006இல் போரில் இடம்பெயர்ந்தவர்களின் ஊரில் இந்தியாவோடு சேர்ந்து 500 மெகாவொட் நிலக்கரி மின்நிலையம் கட்டத் திட்டமிட்டார்கள். ஊர்ச் சனம் தெருவில் நின்றது, சூழலியலாளர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2016 செப்டெம்பரில் அரசு திட்டத்தைக் கைவிடுவதாக நீதிமன்றத்தில் சொன்னது. இப்போது அதே சம்பூரில் சூரிய மின்நிலையம் வருகிறது. ஒரு வீட்டு ஏசியை எத்தனை வருடம் நிறுத்தினால் 500 மெகாவொட் நிலக்கரிக்கு ஈடாகும் என்று உங்கள் வகுப்புக்கு ஒரு கணக்கு கொடுத்துப் பாருங்கள். (மன்னாரில் காற்றாலைக்கு எதிராக மக்கள் நின்றதையும் சொல்ல வேண்டும். காற்றாலை நல்லதுதான். கேட்காமல் கொண்டுவந்து நட்டதுதான் அங்கே சண்டை.)

அண்ணாவுக்கும் ஒன்று சொல்லுங்கள். 2019இல் பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர் 27 பேர் தொடங்கிய முயற்சியை வனுவாட்டு நாடு கையில் எடுத்தது. காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து சொன்னது அதனால்தான். 14 தொன் நாட்டில் அண்ணாவுக்கு வாக்கு இருக்கிறது. ஸ்காபரோவில் தமிழர் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இதைப் பற்றியும் அவர் கேட்கலாம்.

இனி மகளின் கேள்வி. பொய் சொல்லாதீர்கள், பயமுறுத்தவும் வேண்டாம். 1901இலிருந்து உலகக் கடல்மட்டம் 20 சென்ரிமீற்றர் அளவுக்கு ஏறியிருக்கிறது, இப்போது முன்னைவிட வேகமாக ஏறுகிறது. ஆறாவது மாடி கடலுக்குள் போகாது. ஆனால் கடல் ஏற ஏற, கால்வாய்த் தண்ணீர் கடலுக்குள் இறங்கக் கஷ்டப்படும். இதைச் சொல்வதைவிடக் காட்டுவது நல்லது. ஒரு ஞாயிறு காலை அவளைப் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள், தண்ணீர் எங்கே தங்குகிறது என்று பார்க்கட்டும். பின்னேரம் வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடத்துக்கு வாருங்கள். அந்த வாயில் அலை மணலைக் கொண்டுவந்து குவிக்கும். மணல் எவ்வளவு அடைத்திருக்கிறது, தண்ணீர் எவ்வளவு அகலத்தில் ஓடுகிறது என்று ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதச் சொல்லுங்கள். மே மாதம் மழை தொடங்க முன் சில தடவை, தொடங்கிய பிறகு சில தடவை. உங்கள் கட்டடத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கொப்பியை வைத்து மாநகர சபைக்கு ஒரு கடிதம் எழுதலாம், தமிழிலும் சிங்களத்திலும். எழுதும்போது எனக்கும் சொல்லுங்கள், நானும் கையெழுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா