போர்க்காலத்தில் ஒரு சிறு நகர மன்றத்துக்கு என்ன வேலை?

நாடே போரில் இறங்கிவிட்டால் உள்ளாட்சி வேலை நின்றுபோகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிற்காது, பெருகும். இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டனையே எடுத்துக்கொள்வோம். குப்பை, சாக்கடை, சாலை எல்லாம் வழக்கம்போல நடந்தாக வேண்டும். ஆனால் ஊழியர்களில் பலர் படைக்குப் போய்விட்டார்கள்.

1939-ல் நிறுத்தப்பட்ட உள்ளாட்சித் தேர்தல்கள் போர் முடிந்து 1945-ல்தான் மறுபடி நடந்தன. இடையில் ஓர் இடம் காலியானால் மன்றமே ஆளைத் தேர்ந்து நிரப்பிக்கொண்டது. ஜனநாயகத்துக்கு இது குறைதான், ஆனாலும் நிர்வாகம் அறுந்துபோகவில்லை.

குண்டுபோட வரும் எதிரி விமானங்களுக்கு ஊர் தெரியக் கூடாதென்று 1939 செப்டம்பர் 1 முதல் தெருவிளக்குகள் அணைந்தன. அப்புறம் இருட்டில் யாரும் தடுக்கி விழக் கூடாதே என்று நடைபாதை ஓரங்களிலும் மரங்களிலும் வெள்ளைப் பட்டை அடித்தார்கள். பதுங்குமிடம் கட்டுவது, பெருநகரங்களிலிருந்து வந்த குழந்தைகளுக்கு வீடு பார்ப்பது எல்லாம் மன்றத்தின் தலையில்தான்.

என்னை மிகவும் கவர்வது ‘பிரிட்டிஷ் உணவகங்கள்’. உள்ளாட்சிகளே லாபநோக்கின்றி நடத்தின. ரேஷன் கூப்பன் இல்லாமலே மலிவாகச் சூடான சாப்பாடு கிடைத்தது. 1943-ல் அவை 2,000-ஐத் தாண்டின. போர் முடிந்தபின் 1947-ல் வந்த ஒரு சட்டம், விரும்பிய மன்றங்கள் உணவகம் நடத்த அனுமதித்தது.